எண்ணெய் ஊரில் இரண்டாவது கடை

தம்பி,

இதை யார் எழுதிக் கொடுத்தது என்று அம்மாவுக்குப் போன் எடுத்துக் கேட்காதே. உன் அப்பா நான்தான் எழுதுகிறேன். பாரிஸுக்குப் பக்கத்தில் பொபினியில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிற ரஞ்சினி ரீச்சர், வகுப்பு முடிந்த பிறகு என்னைப் போல நாலைந்து பெரியவர்களை இருத்தி எழுதப் பழக்குகிறார். அங்கே சின்னக் கதிரைகள்தான் இருக்கின்றன, உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சில் முட்டும். ஆனாலும் நான் ஒரு வகுப்பும் விட்டதில்லை. காலையில் கோப்பி குடித்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் தொடங்கினால், அம்மா மரக்கறி வெட்ட வேண்டும் என்று என்னை எழுப்புவதற்குள் அரைப் பக்கம் வந்துவிடும். இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று முன்பே தெரிந்திருந்தால் இன்னும் சீக்கிரம் போயிருப்பேன். சின்ன வயதில் உன்னை அழ அழத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் நீ பிரெஞ்சில் என்னைத் திட்டிக்கொண்டு வந்தாய். அப்போது படித்தபடியால்தான் இப்போது நான் எழுதுவதை உன்னால் வாசிக்க முடிகிறது. ரீச்சர் இந்தக் கடிதத்தைத் தங்கள் ஆண்டு மலரில் போடலாமா என்று கேட்டார். போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். உன்னைப் போலத் தூரத்து ஊர்களில் கடை வைத்திருக்கிற பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் பல வீடுகளுக்கு இருக்கிறார்கள்.

போன கிழமை நீ அழைத்து, இரண்டாவது கடைக்கு இடம் பார்த்துவிட்டதாகவும் வைகாசியில் திறக்கப் போவதாகவும் சொன்னாய். "நீங்கள் வந்து முதல் சாமான் வாங்கவேணும் அப்பா. ரிக்கெற் நான் போடுறன். உங்கட கை வேணும்" என்றாய். நான் "பாப்பம்" என்று மட்டும் சொன்னேன். என் முழங்காலை நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன் என்று நீ எண்ணியிருப்பாய். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. போனில் கேட்ட வேறு ஒரு சத்தம்தான் என்னைத் தடுத்தது.

எழுத்துத் தெரியாமல் இத்தனை வருடம் வாழ்ந்தவனுக்குக் காதுதான் பேப்பர். நீ எப்போதும் உங்கள் மதிய நேரத்தில் அழைப்பாய், அப்போது எங்களுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். முதல் கடை திறந்த காலத்தில் உன் குரலே எனக்குச் சரியாகக் கேட்காது. பின்னால் கொத்துரொட்டித் தகடு அடிக்கிற சத்தம், கதவு மணி, யாரோ பெரிய குரலில் சிரிப்பது, "அப்பா பிறகு எடுக்கிறன்" என்று நீ இடையில் வைத்துவிடுவது. அம்மாவுக்குக் கோபம் வரும், எனக்கு வராது. கடைக்காரன் போனை இடையில் வைத்தால் வியாபாரம் நடக்கிறது என்றுதானே அர்த்தம். இந்தத் தை மாதத்திலிருந்து நீ எங்களோடு ஆறுதலாகக் கதைக்கிறாய். அம்மாவிடம் சம்பலுக்கு எவ்வளவு புளி என்று கேட்கிறாய். என்னிடம் மூட்டுவலிக்கு மருந்து சொல்கிறாய். பின்னால் குளிர்பானப் பெட்டி இரைகிற சத்தம் மட்டும் கேட்கிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் உன் கடைக்குள் பெட்டி இரைவது எனக்குப் பாரிஸில் கேட்கிறது, தம்பி. அப்படிப்பட்ட நேரத்தில் நீ இரண்டாவது கடை என்கிறாய்.

என் கையைக் கேட்கிறாய். அந்தக் கையின் கதையை நீ ஊரார் சொல்லித்தான் கேட்டிருக்கிறாய். நடந்ததை நான் சொல்கிறேன். பாரிஸில் லாச்சப்பல் தெருவில் நம்முடைய கடைகள் ஒன்று இரண்டாக வரத் தொடங்கிய காலம் அது. பரமேஸ் மாமா பலசரக்குக் கடை திறந்த அன்று நிறைகுடம் வைத்து, பால் காய்ச்சி, முதல் வியாபாரத்துக்கு ஒரு டொக்டரை வரச் சொல்லியிருந்தார். டொக்டர் வரவில்லை. வெளியே மழை. றெஸ்ரோறன்றில் பாத்திரம் கழுவும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நான் மழைக்கு ஒதுங்கி உள்ளே போனேன். சும்மா நிற்க வெட்கமாக இருந்ததால் ஒரு பை செத்தல் மிளகாய் வாங்கினேன். "நல்ல நாளிலை உறைப்பை வாங்கிறியேடாப்பா, கற்கண்டை எடு!" என்று கத்தினார் மாமா. பிறகு அந்தக் கடை எப்படி ஓடியது என்று உனக்குத் தெரியும். மாமா எல்லோரிடமும் என் கை ராசியான கை என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நகைக் கடை, புடவைக் கடை, வீடியோக் கடை என்று எது திறந்தாலும் என்னைக் கூப்பிட்டார்கள். ஒரே கிழமையில் இரண்டு சலூன் திறந்தார்கள். முதலாவதில் முடி வெட்டினேன். இரண்டாவதில் கதிரையில் இருந்தபோது வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. "அண்ணை, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு இருங்கோ, நான் கத்தரிக்கோலைச் சும்மா ஆட்டுறன்" என்றான் அந்தப் பெடியன். அந்தச் சலூனும் நன்றாக ஓடியது.

எனக்கும் பிடித்திருந்தது, மறைக்க மாட்டேன். பட்டு வேட்டியை அம்மாதான் மடித்துத் தருவார். வேலை செய்த றெஸ்ரோறன்ற் சமையலறையில் என்னை ஒருவரும் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடாத காலத்தில், ஞாயிற்றுக்கிழமை ஒரு தெருவே எனக்கு வழி விட்டது. ஆனால் அப்போது அந்தத் தெருவில் யார் கை வைத்தாலும் கடை ஓடியிருக்கும். ஒவ்வொரு மாதமும் ஊரிலிருந்து புதிதாகச் சனம் வந்து இறங்கியது. வந்தவர்களுக்கு அரிசி வேண்டும், கருவேப்பிலை வேண்டும், ஊருக்குக் கதைக்க ரெலிபோன் காட் வேண்டும். ஆற்றில் வெள்ளம் வரும்போது எந்தத் தோணியும் ஓடும். அதைத் தோணிக்காரனின் திறமை என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

தயாளனை உனக்கு ஞாபகம் இருக்கும், ரெலிபோன் காட்டும் சினிமாப் படத் தட்டுகளும் விற்றவன். நீ சின்னவனாக இருந்தபோது உனக்கு ரொபி தருவான். அவனுடைய முதல் காட்டும் நான் வாங்கியதுதான். ஊரில் சண்டை முடிந்து இரண்டு மூன்று வருடம் கழித்து அவன் கடைக் கதவு இறங்கியிருப்பதைக் கண்டேன். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எனக்குத் தாள் என்றால் தாள்தான். அந்த நாட்களில் பலரும் ஊர் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள், இவனும் போயிருக்கிறான் என்று எண்ணிக் கடந்து போனேன். பிறகு ஒருநாள் சார்செலுக்கு ஒரு பிறந்தநாளுக்குப் போக, கார் து நோர் ஸ்ரேசனில் நிலத்துக்குக் கீழே ரெயின் ஏறினேன். எதிர் இருக்கையில் தயாளன் இருந்தான். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பி யன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"என்னடாப்பா பாக்கிறாய்?" என்று கேட்டேன். "வண்டி இன்னும் வெளிக்கிடேல்லை. அங்கை சுவர்தானே இருக்கு."

அவன் சிரித்துவிட்டான். பிறகு கண் கலங்கினான். "கடையைப் பூட்டிப்போட்டன் அண்ணை. இப்ப எல்லாரும் போனிலையே சும்மா கதைக்கினம். ஆர் காட் வாங்கினம்?"

"அதுக்கு என்னிலை ஏன் ஒளிக்கிறாய்? நானோ போனைக் கண்டுபிடிச்சது?"

"உங்கட கையாலை திறந்த கடை. அது பூட்டினது தெரிஞ்சால் உங்கட பேர் கெட்டுப்போகும், இனி ஒருத்தரும் உங்களைக் கூப்பிடமாட்டினம் எண்டு என்ர மனுசி சொன்னவ. அதுதான் நான் லாச்சப்பல் பக்கமே வாறேல்லை. சாமானும் இஞ்சை சார்செலிலையே வாங்கிறன்."

"நான் உன்னட்டை வாங்கின காட்டிலை பாதிகூடக் கதைக்கேல்லை, லைன் அறுந்துபோச்சு. அதை நான் ஆருக்காவது சொன்னனானோ?"

அவன் மறுபடி சிரித்தான். ஆனால் இறங்கும்போது, "பரமேஸ் அண்ணைக்குச் சொல்லாதேங்கோ" என்றான். அதுதான் எனக்கு மனதில் கிடந்தது. கடை போனதை அவன் தாங்கிக்கொண்டான். எங்களைப் பார்க்கும் வெட்கத்தைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. நண்பர்களை விட்டான், கோயிலை விட்டான், ரூ பஜோல் தெருவில் தேர் இழுக்கும் நாளில்கூட வடம் பிடிக்க வரவில்லை. எல்லாம் நான் காட் வாங்கிய ஒரு காலைக்காக.

அவன் கதவில் இருந்த தாளை வாசிக்கத் தெரியாமல் கடந்து போனேனே என்று, அடுத்த மாதம் நான் ரீச்சரின் வகுப்பில் சேர்ந்தேன். எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் முதல் வேலையாக லாச்சப்பலுக்குப் போய் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை வாசித்தேன். மேலே உள்ள பெரிய பலகைகள் எனக்கு நிறத்தாலேயே தெரியும், அவற்றில் புதிதாக ஒன்றும் இல்லை. எனக்குப் புதிதாக இருந்தவை கதவுகளில் ஒட்டியிருந்த சின்னத் தாள்கள்தான். கடை கை மாற்றப்படும். இடம் வாடகைக்கு. இத்தனை காலம் ஆதரவு தந்தவர்களுக்கு நன்றி. கடை திறப்பதைப் பெரிய எழுத்தில் போடுகிறோம், பூட்டுவதைச் சின்ன எழுத்தில் போடுகிறோம். நான் கை வைத்த கடைகளில் எத்தனை வேறு ஆட்களிடம் போய்விட்டன என்று அன்றைக்குத்தான் விளங்கியது. திறக்கும் நாளுக்குப் பன்னீர் தெளித்துக் கூப்பிட்டவர்களில் ஒருவர்கூடப் பூட்டும் நாளுக்கு என்னைக் கூப்பிட்டதில்லை.

இப்போது உன் ஊருக்கு வருகிறேன். போன கோடையில் கனடாவில் அல்பேட்டாவுக்கு நானும் அம்மாவும் வந்தபோது நான் அதிகம் கதைக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன். விமானம் முழுக்கப் பாரமான வேலைச் சப்பாத்துக் கட்டிய ஆம்பிளைகள். நிலத்தைத் தோண்டி எண்ணெய் மணல் எடுக்கிற இடத்துக்கு விடியற்காலையில் வரிசையாகப் போகிற பஸ்கள். காற்று மாறினால் தார் வாசம். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். சாயம் காயாத வீடுகள், அவற்றுக்குப் பக்கத்தில் இன்னும் அத்திவாரம் வெட்டுகிறார்கள். ஒரு கோப்பி வாங்க வரிசை வாசலைத் தாண்டி வாகனத் தரிப்பிடம் வரை நின்றது. எல்லாக் கடைக் கதவிலும் ஒரே மாதிரித் தாள் ஒட்டியிருந்ததைக் கண்டு உன்னிடம் கேட்டேன்.

"என்ன தம்பி, இஞ்சை தேர்தலோ?"

"இல்லை அப்பா. வேலைக்கு ஆள் தேவை எண்டு போட்டிருக்கு."

"எல்லாருக்குமோ?"

"எல்லாருக்கும்தான். ஆளில்லாமல் நல்ல வியாபார நேரத்திலை பூட்டுறாங்கள். இந்த ஊரிலை காசு வராத ஆள் சோம்பேறி மட்டும்தான்."

நீ அதைச் சொல்லும்போது உன் முகத்தில் இருந்த வெளிச்சம் எனக்குத் தெரிந்த வெளிச்சம். பட்டு வேட்டி கட்டிய நாட்களில் என் முகத்திலும் அது இருந்திருக்கும். நீ உழைத்த உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. நிற்க நேரமில்லாமல் நீ ரொட்டி கொத்தியதை நான் கண்ணால் கண்டேன். கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து வந்த அந்தப் பெரிய உடம்புக்காரன் உன் ஆட்டிறைச்சி றோல்ஸை மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட்டுவிட்டு, இன்னொரு பெட்டி கட்டச் சொன்னானே, அவனிடம் எவ்வளவு காலம் இங்கே இருப்பாய் என்று உன்னை மொழிபெயர்க்க வைத்துக் கேட்டேன். இன்னும் இரண்டு வருடம் என்றான். ராக்சி ஓட்டுகிற சோமாலியாக்காரனும் இரண்டு வருடம் என்றான். உன் கடையில் வேலை செய்த பிலிப்பைன்ஸ் பெண்ணும் அதையே சொன்னாள். அந்தப் பிள்ளை முதல் நாள் என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்தபோது, என் கைராசி இவளுக்கும் தெரிந்துவிட்டதோ என்று நினைத்தேன். பெரியவர்களைக் கண்டால் தங்கள் ஊரில் அப்படித்தான் செய்வார்கள் என்றும், இங்கே வந்த பிறகு கையெடுத்து வைக்க ஒரு கிழவரும் கிடைக்கவில்லை என்றும் அவள் சொன்னாள். அதற்குப் பிறகு நானும் தேடிப் பார்த்தேன். உண்மைதான். அந்த ஊரில் இருந்த நாட்களில் என்னையும் அம்மாவையும் தவிர ஒரு வயதானவரையும் நான் காணவில்லை. ஒரு வீட்டு முற்றத்திலும் மரம் நட்டிருக்கவில்லை.

நாங்களும் பாரிஸுக்கு இருக்க வரவில்லை, திரும்பிப் போகத்தான் வந்தோம் என்று நீ சொல்வாய். ஓம். ஆனால் போக முடியாமல் இருந்துவிட்டோம். பிள்ளைகள் பிறந்தார்கள், பொபினி, சார்செல் என்று வீடு மாறினோம். லாச்சப்பலில் இப்போது நம் சனம் குடியிருப்பது குறைவு, ஆனால் முருங்கைக்காய்க்கும் தாலிக்கும் ரெயின் ஏறித் திரும்பி வருகிறார்கள். அதனால்தான் ஒரு கடை பூட்டினால் அந்த இடத்தில் இன்னொன்று வருகிறது. உன் ஊரில் எண்ணெய்க்கு விலை இறங்கி, பஸ்கள் குறைந்து, அந்தப் பெரிய உடம்புக்காரன் தன் ஊருக்குப் போய்விட்டால், உன் றோல்ஸுக்காக அவன் விமானம் ஏறி வருவானா? இதை நீ உன்னிடமே கேட்க வேண்டும். ஏற்கெனவே கேட்டிருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். முதல் கடையில் மேசை காலியாகிறது என்று பயந்து இரண்டாவதைத் திறக்கிறாயா, அல்லது உண்மையிலேயே அந்தப் பக்கம் சனம் இருக்கிறதா? பயத்துக்குத் திறக்கிற கடைக்கு யார் கையும் உதவாது.

சந்தோஷமாக முடிந்த கதையும் ஒன்று சொல்ல வேண்டும். தயாளனைப் போன மாதம் நானே சார்செலுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். பரமேஸ் மாமா கடைக்குள் அவன் தயங்கித் தயங்கி வந்தான். மாமா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "எங்கையடா போனனீ? வெண்டிக்காய்ப் பெட்டியை உடை" என்று கத்தியை நீட்டினார். அவ்வளவுதான். அவன் இத்தனை வருடம் பயந்தது அந்த ஒரு வசனத்துக்குத்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் நிற்கிறான். மாமாவோடு சண்டையும் பிடிக்கிறான்.

ஆகவே நான் வருகிறேன், தம்பி. ரிக்கெற் போடு. ஆனால் திறப்பு நாளுக்கு ஒரு கிழமைக்கு முன்னதாகப் போடு. புதுக் கடைக்குப் போகுமுன் உன் முதல் கடையில், அந்தக் குளிர்பானப் பெட்டிக்குப் பக்கத்து மேசையில், காலையிலிருந்து பூட்டும்வரை நான் இருப்பேன். நீயும் கல்லாவை விட்டு வந்து என் முன்னால் இரு. கதவு எத்தனை தரம் திறக்கிறது, யார் வருகிறார்கள், வருகிறவன் அடுத்த வருடமும் இருப்பானா என்று இரண்டு பேரும் பார்ப்போம். அந்தக் கிழமை முடிய, இரண்டாவதைத் திறப்போம் என்று நீ சொன்னால், வேட்டி கட்டிக்கொண்டு வந்து முதல் ஆளாகக் கற்கண்டு வாங்குவேன். திறப்பதானால் எந்த இடத்துக்கும் நீண்ட காலத்துக்குக் கையெழுத்து வைக்காதே, கழற்றிக் கொண்டு போகக்கூடிய சாமான்களாக வாங்கு. வேண்டாம் என்று நீ சொன்னால், ஏன் என்று நான் கேட்க மாட்டேன். எந்தப் பக்கம் முடிவு எடுத்தாலும் என் கையைக் காரணம் சொல்லாதே. அது பாத்திரம் கழுவிய கை. இப்போது எழுதவும் செய்கிறது. அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது.

அதுவரை நீ அழைக்கும்போது பெட்டிச் சத்தம் கேட்டால், கேட்கிறது என்று நான் சொல்வேன். நீயும் சம்பலுக்குப் புளி கேட்காமல், "ஓம் அப்பா, இண்டைக்கு ஒருத்தரும் வரேல்லை" என்று சொல். அம்மா அழமாட்டார், நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று. என்றைக்காவது உன் கடை ஒன்றைப் பூட்ட வேண்டி வந்தால், தயாளனைப் போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்காதே. திறப்பு நாளுக்குக் கூப்பிடுவது போல அந்த நாளுக்கும் என்னைக் கூப்பிடு. கடைசிச் சாமானை நான் வாங்குகிறேன், கதவில் ஒட்டுகிற தாளையும் நானே எழுதுகிறேன். என் எழுத்து இப்போது வடிவாக வருகிறது என்று ரீச்சரே சொல்லியிருக்கிறார். தமிழில் எழுதினால் அங்கே யாருக்கு விளங்கும் என்று நீ சிரிப்பாய். நீயும் நானும் வாசித்தால் போதும்.

அப்பா